பெத்தவங்களைப் படம் பிடிக்கிற உரிமை

1

அப்பாவைப் பற்றியோ அம்மாவைப் பற்றியோ ஒருவர் படம் எடுக்க வேண்டுமானால் அவர் கையில் மூன்று விஷயம் இருக்க வேண்டும். ஒன்று கேமரா. இரண்டாவது, பெத்தவங்க வாழ்ந்ததற்கான தடயம். போட்டோ, கடிதம், பேப்பரில் வந்த சேதி, அவர்களை அறிந்த நாலு பெரிய மனிதர்கள். மூன்றாவதுதான் கஷ்டமானது. அவர்களுடைய பெருமையையும் கோளாறையும் ஒரே மூச்சில் சொன்னாலும் ஊர் உலகம் அவர்களைக் கீழே தள்ளிவிடாது என்கிற தைரியம்.

முதலாவது இப்போது நம்ம கைக்கு வந்துவிட்டது. செல்போன் இல்லாத வீடு பெரம்பலூர் சேரியிலும் இல்லை, அரியலூர் சேரியிலும் இல்லை. இரண்டாவது நம்மிடம் இல்லாமல் செய்யப்பட்டது. மூன்றாவதை யாரும் நமக்குத் தரவில்லை. மனுக்கொடுத்து வாங்குகிற பொருளும் இல்லை அது. பட்டா மாதிரி, அதுவும் ஒரு சொத்து. பரம்பரை பரம்பரையாகச் சிலரிடம் மட்டும் இருந்துவருகிற சொத்து.

இப்படி யோசிக்க வைத்தது ஆனந்த் பட்வர்தனின் 'வசுதைவ குடும்பகம்'. 2023இல் வந்த ஆவணப்படம். தன்னைப் பெத்தவங்களைப் பற்றி அவரே எடுத்தது.

2

பட்வர்தனை நம்ம வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அயோத்தி பற்றி 'ராம் கே நாம்' எடுத்தவர். 1997 ஜூலை 11 அன்று மும்பை ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டதைக் கண்டித்துக் கூடிய நம்ம ஜனங்கள் மேல் போலீஸ் சுட்டு 10 பேர் செத்தார்கள். நாலு நாள் கழித்துப் பாடகர் விலாஸ் கோக்ரே தூக்கு மாட்டிக்கொண்டார். 1985இல் பட்வர்தன் எடுத்த, குடிசைவாசிகளைப் பற்றிய படத்தில் பாடியவர் இந்த விலாஸ். அந்தச் சாவைத் தொட்டுத் தொடங்கி 14 வருஷம் அலைந்து 2011இல் 'ஜெய் பீம் காம்ரேட்' படத்தை முடித்தார். பெரிய இடத்துப் பிள்ளைகள் நம்மைப் படம் எடுக்க வரும்போது ஒரு அவசரம் இருக்கும். வந்த காரியம் முடிந்தால் கிளம்பணும். இவர் கிளம்பாமல் இருந்தார். அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

இப்போது அந்தக் கேமரா அவர் வீட்டுக்குள் திரும்பியிருக்கிறது. படம் எடுக்கணும் என்று திட்டம் போட்டு எடுத்ததில்லை. பெத்தவங்களுக்கு வயசு ஆக ஆக, இருக்கிறவரைக்கும் பிடித்து வைப்போம் என்று எடுத்த காட்சிகள். இருவரும் போய்ப் பல வருஷம் கழித்துத் தொகுத்திருக்கிறார். அப்பா வாசுதேவ், வீட்டில் பாலு. அவருடைய அண்ணன்மார் ராவ், அச்யுத் இரண்டு பேரும் விடுதலைப் போராட்ட வரலாற்றில் இடம் பெற்றவர்கள். அச்யுத் 1934இல் காங்கிரஸ் சோசலிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர், 1942 போராட்டத்தில் தலைமறைவாக இருந்து வேலை செய்தவர். அம்மா நிர்மலா சிந்து மாகாணத்துக் குடும்பம். அவருடைய அப்பா பாய் பிரதாப், பிரிவினையில் வீடு வாசலை விட்டு வந்த சிந்திகளுக்காகக் கட்ச்சில் காந்திதாம் நகரத்தை உருவாக்கியவர். நிர்மலா சாந்திநிகேதனில் படித்து, இந்தியாவின் பேர்பெற்ற மண்பாண்டக் கலைஞர்களில் ஒருவரானவர்.

கிழவனும் கிழவியும் கேலி பேசிக்கொள்கிறார்கள். மகன் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லாமல் வேறு எதையோ சொல்கிறார்கள். நடுவில் காந்தி வருகிறார், ஜெயில் வருகிறது, பிரிவினை வருகிறது. பாடப்புத்தகத்தில் நாம் மனப்பாடம் செய்த பெயர்கள் அந்த வீட்டில் சொந்தக்காரர் பெயர் மாதிரிப் புழங்குகின்றன. சரித்திரம் அங்கே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறது. படத்தின் அழகே அதுதான். எனக்கும் பிடித்தது. வயசான உடம்பை வெட்கப்படாமல், இரக்கம் கேட்காமல் காட்டுகிற இடங்களில் கண்ணில் தண்ணி வந்தது.

பெரம்பலூரில் ஒரு வீட்டுக் கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து பேசினோம். பெரும்பாலும் காலேஜ் பிள்ளைகள். வேப்பந்தட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பொண்ணு கேட்டது: "அக்கா, எங்க தாத்தா எப்படி இருப்பாருன்னு எங்கப்பாவுக்கே தெரியாது. போட்டோ இல்ல. இந்த மாதிரி படம் நாங்க எதை வச்சு எடுக்கிறது?" யாரும் பேசவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பொண்ணுக்குச் சொல்ல வேண்டிய பதில்.

அதற்கு முன்னால் தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 'வசுதைவ குடும்பகம்' என்றால் உலகமே ஒரு குடும்பம். 2023இல் ஜி20 மாநாட்டுக்காக இந்திய அரசாங்கம் அதே வாசகத்தைச் சுவர் சுவராக எழுதி வைத்தது. பட்வர்தன் அந்த வாசகத்தை அரசாங்கத்திடமிருந்து பறித்து, அதற்கு உண்மையாக வாழப் பார்த்த ஒரு வீட்டைக் காட்டுகிறார். நோக்கம் புரிகிறது. ஆனால் நமக்குக் 'குடும்பம்' என்ற சொல்லே இடறும். 1916இல் கொலம்பியாவில் வாசித்த கட்டுரையிலேயே அம்பேத்கர் சொல்லிவிட்டார்: சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது. யார் யாரைக் கட்டலாம் என்று முடிவு செய்கிற இடம் குடும்பம். சாதி தினம் தினம் தயாராகிற பட்டறை அதுதான். உலகத்தைக் குடும்பமாக்குவோம் என்று சொன்னால், எந்தக் குடும்பம் மாதிரி என்று கேட்க வேண்டியிருக்கு. ஊர்த்தெருக் குடும்பம் மாதிரி உலகம் ஆனால், சேரிக்கு அந்த உலகத்துக்கு வெளியிலேதான் இடம்.

இன்னொன்று. நிர்மலாவின் கைவேலை ஒப்பற்றது, சந்தேகமில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நம்ம பக்கத்துக் குயவர் வீடுகள் ஞாபகத்துக்கு வந்தன. அதே களிமண், அதே சக்கரம், அதே சூளை. ஒரு கையில் அது கலை ஆகிறது, மியூசியத்துக்குப் போகிறது, கலைஞர் பெயரோடு நிற்கிறது. இன்னொரு கையில் குலத்தொழில் ஆகிறது, பொங்கலுக்கு முந்தின நாள் சந்தையில் பேரம் பேசப்படுகிறது, செய்தவர் பெயர் பானையில் இல்லை. மண்ணில் வித்தியாசம் இல்லை.

3

அரியலூர் மாவட்டம் ஒருவிதத்தில் அப்பா-மகன் கதையின் மாவட்டம். கங்கைகொண்ட சோழபுரம் இங்கேதான் இருக்கிறது. அப்பன் ராஜராஜன் தஞ்சாவூரில் கட்டினான். மகன் ராஜேந்திரன் அதே மாதிரி இங்கே கட்டினான், விமானத்தைக் கொஞ்சம் உயரம் குறைத்து. ஏன் குறைத்தான், மரியாதையா, வேறு கணக்கா என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். கல்லிலே அப்பாவுக்குப் பதில் சொன்ன பிள்ளை. ஆயிரம் வருஷம் கழித்தும் அந்த அப்பன் பிள்ளை உறவைப் பேச நமக்குத் தடயம் இருக்கிறது.

அதே தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டில் நாமும் இருக்கிறோம். எப்படி? 'பறைச்சேரி', 'தீண்டாச்சேரி' என்று. வரி போடாத நிலத்தைக் கணக்குச் சொல்கிற இடத்தில், ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு வரிசையில் சேரி வருகிறது. கோயிலுக்கு ஆடினவர்கள் பெயர் தனித்தனியாக இருக்கிறது, விளக்குக்கு ஆடு கொடுத்தவர் பெயர் இருக்கிறது. சேரியில் இருந்த ஒரு அப்பன் பெயர், ஒரு ஆத்தா பெயர் இல்லை. ஆவணம் இல்லாத ஜனம் என்று நம்மைச் சொல்வது தப்பு. ஆவணத்தில் நிலமாக எழுதப்பட்ட ஜனம் நாம்.

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் ஒன்று கிடக்கிறது. 18 மீட்டர் நீளம், 12 கோடி வருஷம் பழசு என்கிறார்கள். இந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் கடல். அந்த மரத்துக்கு அரசாங்கம் வேலி போட்டு, பலகை வைத்து, காவலுக்கு ஆளும் வைத்திருக்கிறது. செய்ய வேண்டியதுதான். ஆனால் அந்தப் பழைய கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லை வெட்டி அரியலூர் சிமெண்ட் ஆலைகளுக்கு ஏற்றிவிட்ட கைகளுக்கு எங்கே பலகை இருக்கிறது?

கேமரா நம்ம வீட்டுக்கு வந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. வந்திருக்கிறது. 2017 செப்டம்பர் 1 அன்று குழுமூர் அனிதா செத்த பிறகு அரியலூர் மாவட்டத்துச் சேரிக்கு எத்தனை கேமரா வந்தது என்று நமக்குத் தெரியும். பிளஸ் டூவில் 1200க்கு 1176 வாங்கிய பிள்ளை, நீட்டை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போன பிள்ளை. கூலி வேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்த அந்த அப்பாவை நாடே பார்த்தது, அழுகிற முகமாக மட்டும். அவர் என்ன நகைச்சுவை பேசுவார், எதற்குக் கோபப்படுவார், எந்த விஷயத்தில் பிடிவாதக்காரர் என்று கேட்க எந்தக் கேமராவும் காத்திருக்கவில்லை. நம்ம பெத்தவங்க சாவு வீட்டில் மட்டும் படத்தில் விழுகிறார்கள்.

நம்ம பக்கத்துக்காக எடுத்த ஆவணப்படங்களிலும் இந்தக் குறை உண்டு. மதுரையில் அமுதன் எடுத்த 'பீ' (2003), திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' (2017) இரண்டும் தமிழ்நாட்டின் மூஞ்சியில் அறைந்த படங்கள். அவை வராமல் இருந்தால் பல பேர் இன்னும் மூக்கைப் பொத்திக்கொண்டு போயிருப்பார்கள். அவற்றில் நாம் வேலையாக இருக்கிறோம், சாவாக இருக்கிறோம், நீதி கேட்கிற குரலாக இருக்கிறோம். அந்தப் படங்களுக்கு அதுதான் வேலை, தப்பில்லை. ஆனால் ஒருத்தருக்கு அப்பனாக, ஆத்தாவாக, அதிலும் சிக்கலான அப்பனாக ஆத்தாவாக நாம் இருக்கிற படத்தை இன்னும் பார்க்கவேண்டியிருக்கிறது.

4

இங்கே இன்னொரு பிள்ளையின் படத்தைச் சேர்த்துப் பார்க்கலாம். நத்தானியல் கான் 2003இல் எடுத்த 'மை ஆர்க்கிடெக்ட்'. ஆஸ்கார் பரிந்துரைவரை போனது. அப்பா லூயி கான், பெரிய கட்டடக் கலைஞர். அகமதாபாத்தில் இந்திய மேலாண்மைக் கழகத்தையும் டாக்காவில் பாராளுமன்றத்தையும் வடிவமைத்தவர். எஸ்டோனியாவிலிருந்து பஞ்சம் பிழைக்க அமெரிக்கா போன யூதக் குடும்பம், சின்ன வயசில் நெருப்பில் வெந்த முகம். 1974 மார்ச் 17 அன்று அகமதாபாத்திலிருந்து திரும்பும் வழியில் நியூயார்க் ரயில் நிலையத்துக் கழிப்பறையில் மாரடைப்பில் செத்தார். பாஸ்போர்ட்டில் விலாசத்தை அடித்து வைத்திருந்தார். உரிமை கோர ஆள் வராமல் பிணம் கிடந்தது.

அவருக்கு மூணு குடும்பம். கட்டின மனைவிக்கு ஒரு மகள், கூட வேலை பார்த்த இரண்டு பெண்களுக்கு ஆளுக்கொரு பிள்ளை. மூன்றாவது வீட்டுப் பிள்ளைதான் நத்தானியல். அப்பா சாகும்போது வயசு 11. வாரத்துக்கு ஒரு நாள் வந்துபோன அப்பாவைத் தேடி முப்பது வருஷம் கழித்துக் கேமராவோடு கிளம்புகிறார். அம்மாவோ, அந்த விலாசம் அடிக்கப்பட்டிருந்ததே நம்மோடு வந்து இருக்கத்தான் என்று இன்னும் நம்புகிறார். அந்த நம்பிக்கையை மகன் கேமராவுக்கு முன்னாலேயே சந்தேகப்படுகிறார். வயிறு கலங்குகிற இடம் அது.

கடைசியில் டாக்கா. அங்கே ஒரு வங்கதேசத்துக் கட்டடக் கலைஞர் அழுதுகொண்டே சொல்கிறார்: உங்கப்பா எங்களுக்கு இவ்வளவு பெரிய ஒன்றைக் கொடுத்தார், இத்தனை கொடுத்தவருக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அன்பு கொடுக்க முடியாமல் போயிருக்கலாம். இந்த ஆறுதலோடு படம் இளகுகிறது. எனக்கு ஒரு கேள்வி தொண்டையில் நின்றது. கட்டடம் இல்லாத அப்பனுக்கு யார் வந்து இப்படிச் சொல்வார்கள்? அப்பன் மூணு குடும்பம் வைத்திருந்தான் என்று நத்தானியல் சொன்னால் லூயி கான் சிக்கலான மேதை ஆகிறார். அதையே நம்ம வீட்டுப் பிள்ளை சொன்னால் டீக்கடையில் என்ன பேச்சு வரும்? "இவனுங்களே இப்படித்தான்." ஒருத்தர் செய்த தப்பு அவருடைய தப்பாகவே இருக்கும் உரிமை சிலருக்கு உண்டு. நம்ம ஆள் செய்த தப்பு சாதிக் கணக்கில் ஏறும். மூன்றாவது சொத்து என்று ஆரம்பத்தில் சொன்னது இதைத்தான்.

டாக்கா கட்டடத்தைப் பற்றி ஒரு விவரம் நம்ம கண்ணுக்கு. மூங்கில் சாரம் கட்டி, தலைச்சுமையாகக் காங்கிரீட் தூக்கி, வருஷக்கணக்காகக் கையால் எழுப்பின கட்டடம் அது. கான் செத்து 8 வருஷம் கழித்து 1982இல்தான் முடிந்தது. ஒரு நாளைக்கு அஞ்சு அடி உயரத்துக்கு ஊற்ற முடியும். ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் நடுவில் தெரிகிற இணைப்பை மறைக்க வெள்ளைப் பளிங்குப் பட்டை வைத்தார்கள். அந்தப் பட்டையைக் கட்டடக்கலை மாணவர்கள் அழகு என்று படிக்கிறார்கள். சித்தாள் வேலைக்குப் போன வீட்டிலிருந்து பார்த்தால் அது ஒரு நாள் கூலியின் கோடு. பெயர் எழுதத் தெரியாதவர்கள் போட்ட கையெழுத்து. நம்ம பெத்தவங்களைத் தேடுகிற படம் எங்கே தொடங்கலாம் என்பதற்கு அது ஒரு குறிப்பு: வேலையின் தடம்.

5

எதை வைத்து எடுக்கிறது என்று கேட்ட பொண்ணுக்குப் பெரம்பலூரிலேயே ஒரு முன்னோடி உண்டு. 1957இல் பெரம்பலூரில் பிறந்த சிவகாமி. அவருடைய அப்பா சுயேச்சையாக நின்று சட்டமன்ற உறுப்பினர் ஆனவர். மகள் 1980இல் ஐ.ஏ.எஸ். ஆனார், 2008இல் அந்த வேலையை உதறினார். 'ஊடாக' என்று ஒரு குறும்படமும் எடுத்தவர். ஆனால் நான் சொல்ல வருவது 1989இல் வந்த 'பழையன கழிதலும்' நாவலை.

அதில் காத்தமுத்து என்று ஒரு தலைவர். பறையர் தெருவின் தலைவர். தாசில்தார், இன்ஸ்பெக்டர் யார் முன்னாலும் வாய் கூசாமல் பேசுகிறவர். உடையார் வீட்டு ஆட்களிடம் அடிபட்டு ரத்தம் ஒழுக விடியற்காலையில் வந்து விழுகிற விதவை தங்கத்துக்காக வழக்குப் போடுகிறார். எதிர்த்தரப்பை மிரட்டி நஷ்டஈடு வாங்குகிறார். அப்புறம் அதே தங்கத்தை, ஏற்கனவே இரண்டு மனைவி இருக்கிற தன் வீட்டில் மூன்றாவதாக ஆக்கிக்கொள்கிறார். இதையெல்லாம் பார்த்துக்கொண்டே படிக்கிறாள் மகள் கௌரி. அப்பாவின் வீரத்தைப் பார்க்கிற கண்ணும் அப்பாவின் அராஜகத்தைப் பார்க்கிற கண்ணும் அவளுக்கு ஒரே கண்.

நாவல் நாவல்தான். காத்தமுத்துவைக் கொண்டுபோய் எழுதியவருடைய அப்பா மேல் ஒட்டுவது விமர்சனத்தின் வேலை இல்லை. ஆனால் தன் ஜனத்தின் தலைவரை, அப்பன் என்கிற ஸ்தானத்தில் வைத்து, வீட்டுக்குள்ளிருந்து ஒரு மகள் பார்த்த பார்வை அது. அந்தப் பார்வை தமிழுக்குப் புதுசு. தலைவர் படம் என்றால் மாலை போட்ட படம் என்று பழகியிருந்த இடத்தில், அந்தப் படத்துக்குப் பின்னால் அடுப்படியில் இருந்த பெண்கள் பேசினார்கள்.

எதிர்ப்பு வராமல் இருக்குமா? "நம்ம வீட்டு அழுக்கை நடுத்தெருவுல தொவைக்கணுமா?" இந்த வாதம் அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. அதை லேசாகத் தள்ளிவிட முடியாது என்று நினைக்கிறேன். எதிரி காத்துக்கொண்டிருக்கிறான் என்பது நிஜம். ஆனால் எதிரி பார்ப்பான் என்று மூடி வைத்தால், மூடி வைத்த பாரத்தை யார் தூக்குவது? கனகவல்லியும் நாகமணியும் தங்கமும்தான். ஜனத்தின் மானத்தைக் காப்பாற்றுகிற வேலை எப்போதும் வீட்டுப் பெண்கள் வாயை மூடித்தான் நடக்கணுமா?

சிவகாமி இதோடு நிற்கவில்லை. பிறகு 'ஆசிரியர் குறிப்பு' எழுதினார். தான் எழுதிய நாவலைத் தானே விசாரணைக் கூண்டில் ஏற்றுகிற புத்தகம். நான் பார்த்தது சரியா, யாரைக் குறைத்தேன், எதை விட்டேன், எந்த இடத்தில் நின்றுகொண்டு பார்த்தேன் என்று கேட்கிறார். 2006இல் அவரே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது இரண்டும் ஒரே புத்தகமாக வந்தன. நத்தானியலுக்கும் பட்வர்தனுக்கும் கிடைத்த போட்டோவும் பிலிமும் பெரிய மனிதர்களின் பேட்டியும் இல்லாமல், ஒரு மகளின் ஞாபகத்தை மட்டும் வைத்து, பெருமை-கோளாறு இரண்டையும் எழுதி, எழுதிய கையையும் சோதித்த காரியம் பெரம்பலூர் மண்ணிலிருந்து நடந்திருக்கிறது. பெத்தவங்களைப் படம் எடுக்கிற எவரும் படத்தின் கடைசியில் தன்னையே கேட்க வேண்டிய கேள்விகள் அந்தக் குறிப்பில் இருக்கின்றன.

இந்த இடத்தில்தான் பட்வர்தன் படத்தில் எனக்குக் குறை தெரிகிறது. சாமியார்களையும் மந்திரிகளையும் போலீஸையும் மடக்கிக் கேட்ட அந்தக் குரல் அம்மா அப்பாவிடம் வரும்போது மெத்தென்று ஆகிவிடுகிறது. அன்பு தெரிகிறது, குறும்பு தெரிகிறது. இந்த வீட்டுக்கு இத்தனை ஞாபகம் எப்படிச் சேர்ந்தது, யாருக்குச் சேராமல் போனதால் சேர்ந்தது என்ற கேள்வியை மகன் இன்னும் அழுத்திக் கேட்டிருக்கலாம். வாசுதேவும் நிர்மலாவும் அதற்குக் கோபித்துக்கொள்ளக்கூடியவர்களாகத் தெரியவில்லை. நல்ல பதிலே சொல்லியிருப்பார்கள்.

6

என் வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஊரையும் பெயரையும் விட்டுவிடலாம்; அரியலூருக்குப் பக்கம் என்பது போதும்.

எங்கப்பா எட்டாவது படித்தவர். சேரியில் மனு எழுதத் தெரிந்த ஒரே ஆள். தனிக் குவளையில் டீ குடிக்க மாட்டேன் என்று கடை வாசலில் காலையிலிருந்து சாயங்காலம்வரை தனியாளாக உட்கார்ந்தவர். 14 குடும்பத்துக்கு வீட்டுமனைப் பட்டா வாங்கிக் கொடுத்தார். அந்தப் பட்டாக்களைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்த அதே ராத்திரி, சோறு ஆறிப்போச்சு என்று எங்கம்மாவின் கையை உடைத்தார். சுண்ணாம்புக்கல் குழியில் கல் சுமந்த கை. மாவுக்கட்டு போட்ட கையோடு எங்கம்மா மறுநாள் பட்டா வாங்கின வீட்டுக்காரங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தது.

அப்பா போனபோது போட்டோ தேடினோம். மாநாட்டுக்கு பஸ்ஸில் போகும்போது கும்பலாக எடுத்த ஒரு படம், அதிலிருந்து தலையை மட்டும் வெட்டி ஒட்டின ரேஷன் கார்டு. அதைக் கொண்டுபோய் ஸ்டூடியோவில் கொடுத்தோம். பெரிசு பண்ணி, கழுத்துக்குக் கீழே நீலக் கோட்டும் டையும் போட்டுக் கொடுத்தார்கள். எல்லாருக்கும் அப்படித்தான் போடுகிறார்களாம். ஆயுசில் கோட்டு போடாத மனுஷன் எங்க வீட்டுச் சுவரில் அம்பேத்கர் உடம்போடு இருக்கிறார். அம்பேத்கரின் கோட்டு அவருக்குப் பொருந்துகிற நாளும் உண்டு. எங்கம்மா அந்தப் பக்கம் திரும்பாத நாளும் உண்டு. இரண்டும் சேர்ந்தால்தான் எங்கப்பா.

அம்மாவை செல்போனில் பதிவு செய்ய உட்கார்ந்தபோது முதலில் கேட்டது: "இத ஊர்க்காரன் பாப்பானா?"

பார்த்தாலும் பார்ப்பான் என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னது: "பாத்தான்னா ஒங்கப்பாரு என்னய அடிச்சத மட்டும் பாப்பான் தாயி. பட்டா வாங்குனதப் பாக்க மாட்டான். நம்ம தெருக்காரன் பட்டாவ மட்டும் பாப்பான். என் கையப் பாக்க மாட்டான். ரெண்டையும் பாக்கறவனுக்குக் காட்டு. நான் சொல்றதுல ஒண்ணையும் வெட்டாத."

ஆவணப்படக் கோட்பாடு பற்றிப் பல கட்டுரை படித்திருக்கிறேன். இதைவிடத் தெளிவாகச் சொன்ன கட்டுரை ஒன்றும் ஞாபகம் இல்லை. வெட்டு, ஒட்டு, யார் பார்ப்பார்கள், எதைப் பார்க்க மாட்டார்கள் எல்லாம் அந்த நாலு வரியில் வந்துவிட்டது. படத்தில் இருப்பவருக்குத் தன் படத்தின் தொகுப்பு மேல் உரிமை உண்டு என்பதும் சேர்ந்து.

7

அதனால் அந்தப் பொண்ணுக்கு என் பதில் இது.

போட்டோ இல்லாததை நினைத்து உட்கார்ந்துவிட வேண்டாம். ஆல்பம் இல்லாத வீட்டில் வேலையின் தடம் இருக்கிறது. அம்மா உள்ளங்கையில் காய்ப்பு இருக்கிறது. அப்பா வெட்டின கிணறு குன்னத்திலோ செந்துறையிலோ யாரோ ஒருவர் வயலில் இன்னும் தண்ணி கொடுக்கிறது. கொத்தனாராகப் போய்க் கட்டின மாடி வீட்டுக்குள் அவரால் இன்றைக்கும் நுழைய முடியாமல் இருக்கலாம். வாசலில் நின்று காட்டச் சொல்லி எடுக்கலாம். மனு, ரசீது, அடகுச் சீட்டு, கோர்ட்டுச் சம்மன் எல்லாம் தகரப் பெட்டியில் இருக்கும். நம்ம கடிதப் போக்குவரத்து அரசாங்கத்தோடுதான் நடந்திருக்கிறது.

பட்வர்தனிடமிருந்து பொறுமையை எடுத்துக்கொள்ளலாம். விலாஸுக்குக் கொடுத்த அதே 14 வருஷப் பொறுமையைத்தான் அவர் தன் வீட்டுக்கும் கொடுத்தார். சாவு வரும்வரை காத்திருக்காமல், உயிரோடு இருக்கிறபோது, ஒன்றுமே நடக்காத சாயங்காலங்களில் எடுத்தார். நத்தானியலிடமிருந்து, வலிக்கிற கேள்வியைக் கேட்கிற நெஞ்சை எடுத்துக்கொள்ளலாம். சிவகாமியிடமிருந்து, கேட்ட பிறகு தன்னையும் திருப்பிக் கேட்கிற நேர்மையை.

என்ன கேட்பது என்று தெரியாவிட்டால் இப்படித் தொடங்கலாம். முதல் கூலி எவ்வளவு, அதை யார் வாங்கிக்கொண்டார்கள்? யாரை விரும்பினாய், யாரைக் கட்டி வைத்தார்கள்? எந்தத் தெருவில் செருப்பைக் கழற்றினாய், எந்த வருஷம் கழற்ற மாட்டேன் என்றாய்? யாரை அடித்தாய்? யார் உன்னை அடித்தார்கள்? என்னைப் பற்றி உனக்கு என்ன குறை? கடைசிக் கேள்விக்கு வருகிற பதிலையும் வெட்டக் கூடாது.

எடுத்ததில் பெயர், ஊர், தேதி சொல்லச் சொல்ல வேண்டும். இரண்டு பிரதி எடுத்து இரண்டு வீட்டில் வைக்க வேண்டும். போன் உடைந்தால் போய்விடும். உடனே யாருக்கும் காட்ட வேண்டும் என்றில்லை. ரெண்டையும் பார்க்கிற கண்ணுள்ள பத்துப் பேரை முதலில் கூட்டி ஒரு கூடத்தில் காட்டலாம், பெத்தவங்களையும் பக்கத்தில் உட்காரவைத்து. வெளியே போகலாமா வேண்டாமா என்று அவர்கள் சொல்லட்டும்.

நம்ம அப்பன் ஆத்தா கல்வெட்டில் நிலமாக இருந்தது போதும். ரேஷன் கார்டில் வெட்டின தலையாக இருந்தது போதும். தெய்வமாக்காமல், எதிரிக்குப் பயந்து மறைக்காமல், முழு ஆளாக அவர்களைப் பார்க்கிற உரிமை நம்முடையது. மழை விட்டு மக்காச்சோள வேலை முடிந்தால் அவர்களுக்குக் கொஞ்சம் ஓய்வு இருக்கும். அப்போது ஆரம்பிக்கலாம்.